வலது சக்கரமும் எட்டு மாத்திரைகளும்

தேரின் முன்பக்க வலது சக்கரம் என்னுடையது. கோயில் சொத்தை என்னுடையது என்கிறானே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். வருஷம் முழுக்க அது சாமியுடையதுதான். பங்குனித் தேரன்று மட்டும், வடம் பிடிக்கிற நேரத்திலிருந்து தேர் நிலைக்கு வந்து சேரும்வரை, அது என்னுடையது. அந்தச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன் நான்.

வடம் இழுக்கிறவர்களைத்தான் எல்லோரும் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். இழுப்பதற்கு என்ன, ஆயிரம் கை இருந்தால் மலைகூட நகரும். அந்த மலையை நிறுத்துவதும் திருப்புவதும் யார்? நாங்கள். ஓடி வருகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, சரியான கோணத்தில் கட்டையை வைத்து, விரலைப் பறிகொடுக்காமல் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமா, வலது சக்கரத்தைக் கட்டை போட்டுப் பிடித்து வைக்க, இடது சக்கரம் சுற்றிக்கொண்டு வரும். தறியில் உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் நீ யார் என்று யாராவது கேட்டால், கட்டைக்காரன் என்றுதான் வாயில் வரும்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. போட்ட கட்டை வழுக்கிக்கொண்டு போய்விட்டால், அடுத்த அடியிலேயே இரண்டு கட்டை போட வேண்டும். விட்டதற்கும் சேர்த்து. யோசிக்க நேரம் கிடையாது, கை தானாகப் போட வேண்டும். இருபது வருஷத்தில் எனக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. நான் சொல்லப் போகிற கூத்துக்கு அந்தச் சட்டம்தான் காரணம்.

எதிர்ப்பக்கம், இடது சக்கரம், என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். அறுபதைத் தாண்டியவர், கட்டைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். ‘குடிச்சவன், வலிப்பு வர்றவன், தலை சுத்துறவன், பிரஷர்காரன், இந்த நாலு பேரும் சக்கரத்துக்கிட்ட வரக் கூடாது’ என்பார். சொல்லோடு நிற்கிற ஆளும் இல்லை. ஒரு வருஷம் பின்சக்கரத்துக்காரர் ஒருவருக்குப் பிரஷர் என்று காதில் விழுந்ததும், தேருக்கு முதல் நாள் அவரை மாற்றிவிட்டார். அந்த மனிதர் அதற்கப்புறம் தேர் பார்க்கக்கூட வரவில்லை.

அப்படியிருக்க, தை மாதத்தில் ஒரு நாள் எனக்கே வந்தது.

வீடு வீடாக வந்து பரிசோதிக்கிற நர்சம்மா ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். அன்று என் மனைவியைப் பார்க்கத்தான் வந்தார். அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. நான் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தேன். “நீங்களும் கைய நீட்டுங்கப்பா, பட்டையக் கட்டிப் பாத்துடலாம்” என்றார். விளையாட்டாகத்தான் நீட்டினேன். மெஷின் நூற்றெண்பது, நூற்றுப் பத்து என்று காட்டியது.

“மிஷின் ரிப்பேரா இருக்குதும்மா” என்றேன்.

அவர் என்னைச் சும்மா உட்காரவைத்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார். அப்போதும் ஏறக்குறைய அதேதான். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கா பிரஷர் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மனைவி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மறுபடியும் பார்த்தார், ரத்தம் எடுத்தார், இதயத்துக்குப் படம் எடுத்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். “முதுகுவலிக்கு மெடிக்கல்ல வாங்கி வாங்கிப் போட்டுக்கிறாரே, அது இன்னாவாம்” என்று மனைவி போட்டுக்கொடுத்தாள். குழித்தறிக்காரனுக்கு முதுகுவலி மாத்திரை மாத்திரையா என்ன, அது டீ மாதிரி. அந்த மாத்திரையே பிரஷரை ஏற்றிவிடும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனிமேல் கேட்காமல் எதையும் வாங்கி விழுங்கக் கூடாது என்றார்.

இரண்டு மாத்திரை எழுதினார். வெள்ளை ஒன்று, ரத்தக் குழாயைத் தளர்த்துவதற்கு. சின்ன மஞ்சள் ஒன்று, நீர் பிரிவதற்கு. இரண்டையும் காலையில் போட வேண்டும். “தெனமும் ஒரே நேரத்துல போடுங்க. மறந்துட்டா, அன்னைக்கே ஞாபகம் வந்தா போட்டுக்கலாம். மறுநாள் ஆயிடுச்சுன்னா விட்டது விட்டதுதான். சேத்துப் போடாதீங்க. நல்லா இருக்குதுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. குழியிலருந்து சடக்குன்னு எழுந்திரிக்காதீங்க” என்றார். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். காதில் விழுந்ததா என்றால் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. மண்டை முழுக்கத் தேர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் தேருக்குக் கட்டை போடுகிறவன், போடலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சத்தியம் வாங்கினேன், அவள் அண்ணன் காதுக்கு இது போகக் கூடாது என்று. “மாத்திரைய ஒழுங்காப் போட்டா நான் ஏன் சொல்லப் போறேன்” என்றாள். மாத்திரை அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் கிழமை எழுதிவைத்தாள்.

இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் போட்டேன். நர்சம்மா வந்து பார்த்தால் நூற்று முப்பது, நூற்று முப்பத்தைந்து என்றுதான் இருக்கும். பங்குனியும் பிறந்தது. கொடியேறிவிட்டால் எங்கள் ஊரில் மனிதனுக்குத் தரையில் கால் பாவாது. தேரை மூடியிருந்த தகரத்தைக் கழற்றினார்கள், சக்கரத்துக்கு மசகு போட்டார்கள், தேர்ச்சீலை கட்டினார்கள். கட்டைகளைச் செதுக்குகிற வேலை எங்களுடையது. தேருக்கு முந்தைய மூன்று நாளும் விடிந்தால் தேரடி, பொழுது சாய்ந்தால் வீடு.

அங்கேதான் மஞ்சள் மாத்திரை வேலையைக் காட்டியது. அரை மணிக்கு ஒரு தரம் ஒதுங்க வேண்டும். தேரடியில் எங்கே ஒதுங்குவது? முதல் நாள் காலையில் நாலு தரம் எழுந்து ஓடினேன். மச்சான் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“இன்னா மாப்ள, போய்க்கினே கீறே. சுகர் கிகர் வந்துடுச்சா?”

“மோர் ஜாஸ்தி குடிச்சிட்டேன் மச்சான்” என்றேன்.

அவ்வளவுதான், அடுத்த நாள் மாத்திரையைத் தொடவில்லை. மஞ்சளை மட்டும் விட்டிருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். அதுவும் தப்புதான். ஆனால் நான் இரண்டையும் சேர்த்தே விட்டேன், எனக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒரு நாள் இரண்டாயிற்று. அதற்கிடையில் மழை வந்து தேர் ஒரு நாள் தள்ளிப்போனதில் மூன்றாயிற்று. மனைவி கேட்டால், “போட்டாச்சு, போட்டாச்சு” என்பேன்.

தேரன்று காலை மேளச் சத்தத்தில்தான் விழித்தேன். மனைவி அர்ச்சனைத் தட்டோடு முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். குளித்து, திருநீறு பூசி, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினேன். பின்மண்டை கனத்தது. அப்போதுதான் அலமாரியில் மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. மூன்று கிழமை அப்படியே உடைக்காமல் இருந்தது. பகீரென்றது. மூன்று நாள் விட்டிருக்கிறோம், சக்கரத்தடியில் பிரஷர் ஏறி விழுந்தால் என்ன ஆவது? டாக்டரம்மா சொன்னது அந்த நேரத்தில் சுத்தமாக நினைவில் இல்லை. நினைவுக்கு வந்தது எங்கள் சட்டம்தான். விட்டதற்கும் சேர்த்துப் போடு. கை தானாகப் போட்டது. நாலு வெள்ளை, நாலு மஞ்சள், ஒரு சொம்புத் தண்ணீர். வாயைத் துடைத்துக்கொண்டு, பெரிய புத்திசாலி மாதிரி கிளம்பினேன். தேர் நிலைக்கு வரும்வரை கட்டைக்காரர்கள் சோற்றைத் தொடமாட்டோம் என்பதால் வயிறும் காலி.

ஆஹா, அந்தக் காலையை எப்படிச் சொல்வேன். அதிர்வேட்டு போட்டார்கள். வடம் விறைத்தது. ஒரு நொடி தேர் அசையவே அசையாது, பிறகு அச்சு முனகும், மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் குலுங்கும், சக்கரம் என் முகத்துக்கு நேராக உருள ஆரம்பிக்கும். அந்த நொடிக்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் தோன்றும், அன்றும் தோன்றியது. முதல் ராஜ வீதியில் என் கட்டை ஒன்றுகூடப் பிசகவில்லை. மாடியிலிருந்து பூவாகக் கொட்டினார்கள். எதிர்ச்சக்கரத்திலிருந்து மச்சான் கையைத் தூக்கிக் காட்டினார். அவர் அப்படிக் காட்டினால் பட்டம் வாங்கிய மாதிரி. முதல் முனையில் தேரைத் திருப்பியபோது நான் சின்னப்பையன் மாதிரிக் கத்தினேன்.

இரண்டாவது வீதியில் வெயில் ஏறியது. குனிந்து கட்டையை வைத்து நிமிர்ந்தால் வீதியே கொஞ்சம் சாய்ந்தது. வெயில் என்று நினைத்தேன். ஒரு டம்ளர் பானகம் குடித்தேன். அடுத்த முறை நிமிர்ந்தபோது கண்முன்னால் கறுப்பாகப் பூச்சி பறந்தது. காதில் மேளம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

அடுத்த முனை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முனையில் வலது சக்கரத்தை நான் பிடித்து நிறுத்தாவிட்டால் தேர் திரும்பாது, நேராகப் போகும். நேரே போனால் அந்தப் பக்கம் வீட்டுச் சுவர். சுவருக்கும் தேருக்கும் நடுவில் மச்சான். அவருக்குப் பின்னால் குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு சனங்கள்.

கட்டையை வைத்தேன். வழுக்கியது. இரண்டு போட வேண்டும். இரண்டாவது கட்டையைக் கையில் எடுக்கிறேன், கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மனசுக்குள் ஒருவன் சொன்னான், இன்னும் ஒரு முனைதான், சமாளித்துவிடு, சொன்னால் இந்தச் சக்கரம் உனக்கு இல்லை. நான் அந்தப் பேச்சைக் கேட்கிற ஆள்தான். அன்று ஏனோ மச்சானின் முதுகு கண்ணில் பட்டது. கட்டையைக் கீழே போட்டுவிட்டு, இடுப்புத் துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

அது நிறுத்தச் சொல்கிற அடையாளம். விசில் கேட்டது. வடத்தைக் கீழே போட்டார்கள். பின்சக்கரங்களுக்கு ஒரே நேரத்தில் கட்டைகள் விழுந்தன. தேர் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மேளம் நின்றது. அவ்வளவு கூட்டமும் என்னைப் பார்த்தது. மச்சான் ஓடி வந்தார்.

“இன்னாடா ஆச்சு?”

“எனக்குப் பிரஷர் மச்சான். மாத்திரை போட்டேன். தலை சுத்துது, கட்டை போட முடியாது” என்றேன். சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி, பின்சக்கரத்திலிருந்து ஒருவரை வரச்சொல்லி அவரிடம் கொடுத்தார். துண்டு கை மாறினால் சக்கரமும் கை மாறியது என்று அர்த்தம். என்னைத் தூக்கிக்கொண்டு போய் மோர்ப் பந்தலில் படுக்கவைத்து, காலை பெஞ்சின்மேல் தூக்கி வைத்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மனைவி வந்தாள். எத்தனை போட்டாய் என்று கேட்டாள். எட்டு என்றேன். அவள் அழுதுகொண்டே என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவள் தோளுக்கு மேலே பார்த்தால், தேர் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. யாரோ என் சக்கரத்துக்குக் கட்டை போட, அழகாகத்தான் திரும்பியது. நான் வாய்விட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் மேல் அளவே எண்பதுதான் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றி இரண்டு நாள் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“விட்டது விட்டதுதான்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“நீர் மாத்திரையால வேலை கெடுதுன்னா, என்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன? அதுக்கு ஏத்த மாதிரி நேரத்தையோ மருந்தையோ மாத்திக் குடுத்திருப்பேனே. தேருக்குக் கட்டை போடறவர்னு ஏன் சொல்லலை?”

“வேணாம்னு சொல்லிட்டீங்கன்னா?” என்றேன்.

“ஏன் வேணாம்னு சொல்லப் போறேன்? அப்பதான் உங்க பிரஷர் கட்டுக்குள்ள வந்திருந்துச்சே. இப்படியே இருந்தா போடுங்க, வயித்தக் காயப்போடாதீங்கன்னு சொல்லியிருப்பேன்.”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்காமல் விட்டேன். அந்த எட்டு மாத்திரையைவிட இதுதான் எனக்கு விழுங்க முடியாததாக இருந்தது.

மச்சான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வருவார், தங்கையிடம் பேசுவார், காப்பி குடிப்பார், போவார். தறியில் உட்கார்ந்திருக்கிற நான் அவருக்குச் சுவர். நானும் வறட்டு ஜம்பத்தில் பேசவில்லை. ஆனால் மாத்திரையை ஒரு நாள் விடவில்லை. மஞ்சளை நிறுத்தி, வெள்ளையை மட்டும் எழுதிக்கொடுத்திருந்தார்கள், பல் தேய்த்ததும் அதுதான் முதல் வேலை. மாசாமாசம் போய்ப் பார்த்துக்கொண்டேன். ஊறுகாய் ஜாடியை மனைவி ஒளித்துவைத்தாள், எங்கே என்று தெரிந்தும் தொடவில்லை. நம்புங்கள்.

அடுத்த மாசி முடிவில் டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், மருந்தில் கட்டுப்பாடாக இருக்கிறது, இந்த வேலை செய்யலாம், அன்று காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அதை மனைவி கையில் கொடுத்து அண்ணனிடம் அனுப்பினேன். பதில் அவள் வாயால்தான் வந்தது.

“‘அவனுக்கு மட்டும் பாத்தா ஊரு பேசும். கட்டைக்காரங்க எல்லாருக்கும் பாக்கட்டும். சரியா இருந்தா வரட்டும்’னு சொல்லிக்கினு போறாரு” என்றாள்.

நான் அவளைத் தூக்கிச் சுற்றாத குறை.

தேரன்று காலை நர்சம்மா தேரடியிலேயே வந்து உட்கார்ந்தார். கட்டைக்காரர்கள் எட்டுப் பேரும் வரிசையில் நின்றோம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, அதுவே பிரஷரை ஏற்றிவிடுமோ என்று அதற்கொரு பயம். நான் இட்லி சாப்பிட்டு, மாத்திரை ஒன்றே ஒன்று போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நூற்றிருபத்தெட்டு. நர்சம்மா சிரித்துவிட்டார். எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போலிருந்தது.

கடைசியாக மச்சான் உட்கார்ந்தார். “எனக்கின்னா, நான் இரும்பு” என்று கையை நீட்டினார். நர்சம்மா பார்த்தார். பேசாமல் உட்காருங்கள் என்று நிழலில் உட்காரவைத்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றாறு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. வடக்காரர்கள் வந்துவிட்டார்கள், மேளம் தொடங்கிவிட்டது. அவர் எழுந்து, என் தோளைப் பிடித்துத் தேருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வருஷம் கழித்து என்னோடு பேசினார்.

“மாப்ள, உன் மாத்திரை இருக்குதா?”

இருந்தது. அட்டை மடியில்தான் இருந்தது. என் கை மடியைத் தொட்டதில் அவருக்கும் அது தெரிந்துவிட்டது.

“ஒண்ணு குடு. போட்டுக்கினு போயிடறேன். தேர் நிலைக்கு வந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன், சாமி மேல சத்தியம்.”

“அது எனக்கு எழுதினது மச்சான். உங்களுக்கு எது ஒத்துக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்.”

“மடியில வச்சிக்கினு இல்லன்றியா? நான் உன் பொண்டாட்டிகூடப் பொறந்தவன்டா.”

“அதனாலதான் மச்சான் தரல” என்றேன்.

நாற்பது வருஷமாக அவர் பிடித்த சக்கரம். அவர் என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்தார். போன வருஷம் என் சக்கரத்தைப் பிடித்தவரைக் கூப்பிட்டு அவரிடம் கொடுத்தார். மனைவி ஆட்டோ பிடித்து வந்தாள். ஏறி உட்கார்ந்த மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டி கிளம்பி, நாலடி போய், நின்றது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

“மாப்ள, ரெண்டாவது முனையில உன் பக்கம் பள்ளம் தோண்டி மூடிக்கீறாங்க, மண்ணு பொதபொதன்னு இருக்குது. கட்டைய முன்னாடியே போடு.”

“சரி மச்சான்” என்றேன்.